முதலில் குஞ்சின் வாயைப் பாருங்கள்: இரண்டடித் தொட்டியில் நம் ஊர் மீன்கள்

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உள்ளது. கப்பி வளர்த்துச் சலித்துவிட்டது. நம் ஊர் நன்னீர் மீனை வளர்த்துக் குஞ்சு எடுக்க ஆசை. அயிரை, பனையேறிக் கெண்டை, செத்தக் கெண்டை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைக்காரர் ‘மிஸ் கேரளா’ வாங்கச் சொல்கிறார். போன வருடம் வாய்க்காலில் பிடித்து வந்த சிறு மீன்கள் நுரைக்கூடு கட்டி முட்டை வைத்தன. குஞ்சும் பொரித்தது. ஒரு வாரத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான். எந்த மீனை எடுப்பது, எப்படித் தொடங்குவது?

பதில்: குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் மொத்தமும் போனால் நோயைச் சந்தேகிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அது பட்டினிச் சாவு. நுரைக்கூடு கட்டும் மீன்களின் குஞ்சுக்கு வாய் மிகச் சிறியது. நீங்கள் தூளாக்கிப் போட்ட மீன் தீவனம் அதன் வாயில் நுழையாது. மீன் குஞ்சுக்கு உணவாகப் பொரிக்க வைக்கும் உப்புநீர்ச் சிற்றுயிரான ஆர்ட்டீமியாகூட, அப்போதுதான் பொரித்தபோது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும், அதுவும் முதல் வாரத்தில் பெரிது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பை இரண்டு மூன்று நாளில் கரையும், அதன்பின் குஞ்சு இரண்டு நாள் தாங்கும், பிறகு செத்து அடியில் விழும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதால் செத்ததும் தெரியாது, காணாமல் போனது மட்டும்தான் தெரியும்.

ஆகவே நிறத்தை வைத்து மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வளர்ந்த மீன் எத்தனை அங்குலம், முட்டையைக் காப்பது யார், குஞ்சு முதல் நாள் எதைத் தின்னும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு மீன் வாங்குங்கள். மூன்றாவதுதான் பலரும் கேட்க மறப்பது.

உங்கள் தொட்டி தளும்பத் தளும்ப நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கல், செடி எல்லாம் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு சென்டிமீட்டருக்கு மேல் வளரும் மீனை இதில் கூட்டமாக வைத்து இனப்பெருக்கம் செய்ய முடியாது. இந்தக் கணக்கில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம்.

செத்தக் கெண்டை சாப்பாட்டு மீன். சாதாரணமாகவே 20 சென்டிமீட்டரைத் தாண்டும், ஜோடி சேர்ந்தால் குளத்தில் ஒரு மூலையையே வளைத்துக்கொள்ளும். பனையேறிக் கெண்டையும் உங்கள் தொட்டிக்குப் பெரிது. ஆயிரக்கணக்கில் மிதக்கும் முட்டைகளை விட்டுவிட்டு அவற்றைத் திரும்பியும் பார்க்காது. போதாக்குறைக்கு, மூடியில் விரல் அளவு இடைவெளி கிடைத்தால் இரவோடு இரவாக வெளியேறிவிடும். அயிரை அளவில் சரியான மீன், சாதுவானது, மணல் தரையில் வளர்ப்பதும் எளிது. ஆனால் வீட்டுத் தொட்டியில் தானாக முட்டையிடுவது அரிது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் குஞ்சு எடுக்கிறார்கள். துணைக்கு நான்கைந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முட்டையிட விட்ட தொட்டியில் மட்டும் வேண்டாம். அடியில் விழும் முட்டையை முதலில் கண்டுபிடிப்பது அயிரைதான்.

மிஸ் கேரளா பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள, கர்நாடக ஓடைகளுக்கு மட்டுமே உரிய மீன் அது. 1865-இல் பிரான்சிஸ் டே அதற்கு அப்போதைய மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை வைத்தார். ஓடைகளில் அளவுக்கு மீறிப் பிடித்து ஏற்றுமதி செய்ததில் எண்ணிக்கை சரிந்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. பில்லும் ஆவணமும் இல்லாமல் அதை வாங்குவது வம்பு. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 15 சென்டிமீட்டர் வரை வளரும், கூட்டமாக நீந்தும், குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் கேட்கும் மீன். இரண்டடித் தொட்டிக்கு அதைப் பரிந்துரைத்தவர் உங்கள் தொட்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது குபானஸ்

போன வருடம் உங்களிடம் நுரைக்கூடு கட்டியது பெரும்பாலும் இந்த மீனாகத்தான் இருக்கும். அறிவியல் பெயர் சூடோஸ்பிரோமினஸ் குபானஸ். வயல் வாய்க்கால், அல்லிக்குளம், சாலையோரப் பள்ளம் என்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாழ்நிலம் எங்கும் கிடக்கும். சற்றே உப்புக் கலந்த நீரையும் தாங்கும். உங்களுக்கு அந்நியமும் இல்லை. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனை வைத்துத்தான் 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ‘குபானஸ்’ என்ற பெயரும் அந்த ஆற்றிலிருந்து வந்ததுதான்.

ஆறேழு சென்டிமீட்டருக்குள் நிற்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். கடையில் பார்த்தால் சாயம் போன பழுப்பு மீனாகத் தெரியும், அதனாலேயே யாரும் வாங்குவதில்லை. செடி அடர்ந்த, வெளிச்சம் குறைந்த தொட்டியில் பத்து நாள் விட்டுப் பாருங்கள். ஆணின் துடுப்பு ஓரங்களில் சிவப்பும் நீலமும் ஏறும், வால் நடுவில் முள் போல ஓர் இழை நீளும், முதுகுத் துடுப்பும் கீழ்த் துடுப்பும் கூராக நீண்டிருக்கும். பெண்ணுக்கு அந்தத் துடுப்புகள் குட்டை. முட்டையிடத் தயாரானால் பெண் மீன் கறுத்துவிடும், சில சமயம் கரி பூசியது போல. முதல்முறை பார்ப்பவர்கள் நோய் வந்துவிட்டதென்று மருந்து ஊற்றிவிடுவார்கள். ஊற்றாதீர்கள்.

ஆறு மீன் எடுங்கள். ஜோடி ஜோடியாகக் கேட்டு வாங்க வேண்டாம், இளமீனில் ஆண் பெண் பிரித்துச் சொல்பவர் பெரும்பாலும் ஊகித்துத்தான் சொல்கிறார். நான்கு சென்டிமீட்டர் தாண்டியதும் தானாகத் தெரியும்.

வாய்க்காலில் நீங்களே பிடிப்பதானால் சில நிபந்தனைகள். வயலுக்கு மருந்து அடித்த வாரத்தில் பிடிக்காதீர்கள். சரணாலயம், காப்புக்காடு ஆகியவற்றுக்குள் கை வைக்காதீர்கள், அது குற்றம். ஆறு போதும், குடம் நிறைய வேண்டாம். பிடித்ததை நேராகத் தொட்டியில் விடாமல், இருபது லிட்டர் பக்கெட்டில் இரண்டு வாரம் தனியாக வைத்து, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல் உப்பு போடுங்கள். உடம்பில் நூல் தொங்கினால் அது நங்கூரப் புழு. ஈரத்துணியில் மீனைப் பிடித்து, சாமணத்தால் புழுவை வேர்ப்பகுதியோடு இழுத்து எடுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் அந்த இடம் சீழ் பிடிக்கும்.

முட்டையிட வைக்கும் முறை

அதே இரண்டடித் தொட்டியையே இனப்பெருக்கத்துக்கு எடுங்கள். அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருக்கட்டும். மற்ற நான்கு மீன்களும் அந்தச் சமயத்தில் இருபது லிட்டர் டப்பில் இருக்கட்டும். அடியில் கல், மணல் எதுவும் வேண்டாம், வெறும் கண்ணாடி. குஞ்சையும் அழுக்கையும் பார்க்க அதுதான் வசதி. தண்ணீர் உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இந்த மீனின் முட்டை மிதக்காது, மூழ்கும். ஆண் அதை வாயால் பொறுக்கிக் கொண்டுபோய்க் கூட்டில் வைக்க வேண்டும். ஆழம் கூடினால் வேலையும் கூடும், பாதி முட்டை வழியிலேயே தொலையும்.

கூடு கட்ட ஓர் இடம் கொடுங்கள். வாய்ப்பக்கம் சிறிது உடைத்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் போதும். பாதியாக உடைத்த பூந்தொட்டியும் ஆகும். நாலு வேலைக்கும் உதவும் ஒன்றாக நாட்டு வாதுமை மரத்தின் சருகைச் சொல்லலாம்: தானாக உதிர்ந்து காய்ந்து பழுப்பான இலையைக் கழுவி, இருபது லிட்டருக்கு ஒன்று என்று போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், முட்டையில் பூஞ்சை குறையும், இலை மக்கும்போது அதன் மேல் நுண்ணுயிர் படிந்து குஞ்சுக்கு இரண்டாவது சாப்பாட்டுத் தட்டாகவும் ஆகும். பச்சை இலையைப் பறித்துப் போடக் கூடாது, அழுகும். ஒரு கொத்து ஹைட்ரில்லாவையோ ஜாவா மாஸையோ எதிர்மூலையில் வையுங்கள். ஆண் துரத்தினால் பெண்ணுக்கு ஒதுங்கிடம் வேண்டும்.

ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். மோட்டார் வைத்த ஃபில்டர் குஞ்சை உறிஞ்சிவிடும், நுரைக்கூட்டையும் கலைக்கும். ஏர் பம்பைக் குறைத்து, வினாடிக்கு ஒன்றிரண்டு குமிழி வரும்படி வால்வைத் திருகி வையுங்கள். மேலே கண்ணாடி மூடி அவசியம். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். குஞ்சின் காற்றுச் சுவாச உறுப்பு மூன்று நான்கு வாரத்தில் உருவாகும்போது மேலே வந்து விழுங்கும் காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் கொத்தாகச் சாகும். மின்விசிறிக்கு நேர்க்கீழே தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பத்து நாள் இருவருக்கும் உயிருணவு கொடுங்கள்: மொய்னா (நீர்த்தெள்ளு வகை), கொசுப்புழு, பொடியாக நறுக்கிய மண்புழு. சாக்கடையிலிருந்து வரும் டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்ப்பது நல்லது, அதோடு வரும் அழுக்கு சின்னத் தொட்டியைக் கெடுத்துவிடும். கொசுப்புழுவை வீட்டிலேயே வாளியில் வளர்ப்பவர்கள் வாளியின் வாயை நைலான் வலையால் கட்ட வேண்டும், தினமும் அரித்து எடுக்க வேண்டும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். டெங்கு ஆய்வுக்கு வருபவர்களிடம் ‘மீனுக்குத் தீவனம்’ என்று சொன்னால் எடுபடாது.

பெண்ணின் வயிறு உருண்டு நிறம் கறுத்ததும் கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த மழைநீரை மெல்ல ஊற்றுங்கள். புதுமழை வந்த கணக்கு அதற்கு. மொட்டைமாடியில் முதல் அரைமணி மழையை விட்டுவிட்டுப் பிடித்த நீராக இருக்கட்டும். பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் கொட்டாங்குச்சிக்குள் நுரை தெரியும். ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்துத் தழுவ, ஒவ்வொரு தழுவலிலும் சில முட்டைகள் விழும். நல்ல ஜோடி ஓர் ஈட்டில் நூறு வரை இடும், சில வேளை அதற்கும் மேல். முட்டையிட்டு முடிந்ததும் ஆண் துரத்தினால் பெண்ணை எடுத்துவிடுங்கள். துரத்தாமல் இருந்தால் விட்டு வைக்கலாம், சில பெண் மீன்கள் தள்ளி நின்று காவல் காக்கும்.

27, 28 டிகிரியில் இரண்டு நாளில் பொரியும். அதன் பின் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் கூட்டிலேயே வால் தொங்கக் கிடக்கும், விழுபவற்றை ஆண் மீண்டும் மீண்டும் எடுத்து வைக்கும். அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பது, மூடியைத் திறந்து மூடுவது எல்லாம் வேண்டாம். பயந்த ஆண் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். முதல் ஈட்டைத் தின்பது பல ஆண்களுக்கு வழக்கம்தான், இரண்டாவது மூன்றாவது ஈட்டில் சரியாகும். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கிய அன்று ஆணை எடுத்துவிடுங்கள். உங்கள் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

மீனுக்கு முன்னால் தீவனம்

குஞ்சின் வாயில் நுழையும் முதல் உணவு இன்ஃப்யூசோரியா என்ற நுண்ணுயிர்கள். ஆண் கூடு கட்டிய பிறகு அதைத் தயாரிக்கத் தொடங்கினால் தாமதம். ஜோடியை விட்ட அன்றே தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். பூச்சிமருந்து படாத வைக்கோலாக இருக்கட்டும். அகலவாய் பாட்டிலில் ஊற்றி, குளத்துத் தண்ணீரோ பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீரோ இரண்டு கரண்டி சேருங்கள். வாயைத் துணியால் கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

இரண்டாம் நாள் பால் போலக் கலங்கி நாறும். அது பாக்டீரியா, இப்போது ஊற்றினால் தொட்டி கெடும். நாலைந்து நாளில் கலங்கல் தெளிந்து, நாற்றம் அடங்கி மண்வாசனை வரும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்ஸால் பாருங்கள். தூசி போல வெள்ளைப் புள்ளிகள் தானாக நகர்ந்தால் தயார். நகராத தூசி வெறும் தூசிதான், அதை ஊற்றிவிட்டுக் குஞ்சு தின்றதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஒரு பாட்டில் நாலைந்து நாளில் ஓய்ந்துவிடும், ஆகவே இரண்டு நாள் இடைவெளியில் மூன்று பாட்டில் போடுங்கள்.

இரண்டடித் தொட்டிக்கு வேளைக்கு 20 மில்லிலிட்டர், காலை, மதியம், மாலை. குஞ்சின் வயிறு லேசாக உப்பியிருந்தால் தின்கிறது என்று பொருள். தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் இருந்தால் இன்னொரு வேளை கூட்டுங்கள். இரவில் ஒரு சின்ன விளக்கை எரிய விட்டால் கூடுதல் நேரம் தின்னும்.

ஏழு முதல் பத்து நாளில் ஆர்ட்டீமியாவுக்கு மாறலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை. தலைகீழாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டிலில் வேகமாகக் காற்று விடுங்கள். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே சேரும். கீழிருப்பதை ஏர் டியூபால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு கலந்தால் குஞ்சின் குடல் அடைக்கும். மாறும் முதல் இரண்டு மூன்று நாள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், ஏனென்றால் எல்லாக் குஞ்சும் ஒரே வேகத்தில் வளராது. ஆர்ட்டீமியா தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும், பார்த்ததும் நிம்மதி வரும்.

இனி பத்தாம் நாளுக்குப் பிறகு சாவு வந்தால் அதற்குக் காரணம் தண்ணீர். தினமும் பத்தில் ஒரு பங்கை ஏர் டியூபால் எடுங்கள். டியூபின் நுனியில் மெல்லிய துணி கட்டியிருக்கட்டும். அதே சூட்டில் உள்ள தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீர்ப்பரப்பில் எண்ணெய் போல ஏடு படிந்தால் டிஷ்யூ பேப்பரைப் பரப்பி இழுத்து எடுங்கள். அந்த ஏட்டைக் கிழித்துக் காற்றெடுக்கக் குஞ்சுக்கு வலு போதாது. ஒரு மாதம் ஆனதும் பெரியவற்றைத் தனியே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறியவற்றைத் தின்னும். முதல் ஈட்டில் முப்பது குஞ்சு தேறினால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இன்ஃப்யூசோரியா தொல்லை வேண்டாம் என்றால்

அப்படிச் சொல்பவர்களுக்கு அப்லோகைலஸ் இனம், கடையில் பாஞ்சாக்ஸ் என்பார்கள். நீர்ப்பரப்பை ஒட்டியே நிற்கும், மேலிருந்து பார்த்தால் தலை உச்சியில் வெள்ளி போல ஒரு புள்ளி மின்னும். கோவாவில் மலேரியாவுக்கு எதிராகக் கிணறு, தொட்டிகளில் விட்டது இந்த இனத்தில் ஒன்றைத்தான், அவ்வளவு கொசுப்புழு தின்னும். உங்கள் அளவுக்கு நாலைந்து சென்டிமீட்டரில் நிற்கும் பார்வஸ் பொருத்தம். பத்து சென்டிமீட்டர் வரும் லீனியேட்டஸ் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் மட்டும் வைத்தால் சமாளிக்கலாம்.

இது தினமும் சில முட்டைகளாக வாரக்கணக்கில் இட்டுக்கொண்டே இருக்கும். கரும்பச்சை அக்ரிலிக் கம்பளி நூலை முப்பது நாற்பது இழையாக, சாண் நீளத்தில் வெட்டி, நடுவில் கட்டித் தக்கையில் தொங்க விடுங்கள். முட்டை அதில் ஒட்டும். மாலையில் நூலைப் பிழிந்து விரலால் தடவினால் கடுகுக்குச் சற்றே சிறிதாகக் கண்ணாடி மணிகள் தட்டுப்படும். லேசில் உடையாது. எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் தொட்டித் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். வெள்ளையானதை அன்றன்றே நீக்குங்கள், பாதித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பத்துப் பதினான்கு நாளில் உள்ளே கண் தெரிந்து பொரியும். லீனியேட்டஸ் குஞ்சு முதல் நாளிலேயே ஆர்ட்டீமியா தின்னும். பார்வஸ் குஞ்சுக்கு முதல் சில நாள் கொஞ்சம் இன்ஃப்யூசோரியாவும் சேர்த்தால் தேறும். இரண்டுமே குதிக்கும் மீன்கள், ஏர் டியூப் நுழையும் ஓட்டை வழியாகவும் போகும். அதைப் பஞ்சு வைத்து அடையுங்கள். குபானஸ் குஞ்சோடு சேர்த்து வைக்காதீர்கள்.

கடினமான போர்வெல் தண்ணீரைத் தொல்லையாக எண்ணாத மீன் ஆரஞ்சு குரோமைடு. செத்தக் கெண்டையின் குட்டைச் சகோதரம், எட்டு சென்டிமீட்டரோடு நிற்கும். தென்னிந்திய, இலங்கைக் கடற்கரை முகத்துவாரங்களில் வாழ்வதால் உப்பும் சுண்ணாம்பும் அதற்குச் சொந்தம். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போட்டால் இன்னும் நல்லது. கடையில் கிடைக்கும் முழுத் தங்க நிறம் பண்ணையில் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. ஆறு இளமீன் வாங்கி வளர்த்தால் ஒரு ஜோடி தானாகப் பிரியும், மற்ற நான்கையும் உடனே வேறிடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் வைத்துக் கொத்திக் கொன்றுவிடும். தட்டைக் கல்லில் முட்டையிட்டு இருவரும் விசிறுவார்கள். ஐந்தாறு நாளில் பொரிந்த பின் குஞ்சுகளைக் குழிக்குள் மாற்றி மாற்றி வைப்பார்கள். இதற்கு அடியில் மணல் வேண்டும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். அதனால் இந்த மீனில் மட்டும் பெற்றோரைப் பிரிக்கக் கூடாது, மூன்று நான்கு வாரம் கூடவே விடுங்கள். ஆர்ட்டீமியா முதல் நாளிலிருந்தே. தொட்டியில் அந்த ஒரு ஜோடிதான், வேறு மீனுக்கு இடமில்லை.

வரிக்குதிரை மீனையும் சின்னக் கெண்டைகளையும் பலர் சுலபம் என்பார்கள். முட்டையிட வைப்பது சுலபம்தான். விடியல் வெளிச்சம் பட்டதும் தூவிவிட்டு, திரும்பி அதையே தின்னும். அடியில் இரண்டடுக்குக் கோலிக்குண்டு பரப்பி, இட்டு முடிந்ததும் பெரியவற்றை எடுத்துவிட வேண்டும். குஞ்சு குபானஸ் போலவே நுண்ணியது. காவலுக்கு அப்பனும் இல்லை. இதை இரண்டாம் வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போர்வெல் தண்ணீர்

அதில் குளோரின் இல்லை, ஆகவே குளோரின் நீக்கும் மருந்து தேவையில்லை. ஆனால் நிலத்தடியிலிருந்து வந்ததும் அதில் கரியமில வாயு அதிகம், ஆக்சிஜன் குறைவு, சில இடங்களில் இரும்பும் இருக்கும். வாளியில் பிடித்து ஒருநாள் முழுக்கக் காற்று விட்டு, பழுப்பு வண்டல் அடியில் தங்கினால் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 800-க்கு மேல் காட்டினால் குபானஸுக்குப் பாதிக்குப் பாதி மழைநீரோ ஆர்ஓ நீரோ கலக்கலாம். குரோமைடுக்கு அப்படியே விடலாம்.

கவனிக்க வேண்டியது அமோனியா. போர்வெல் தண்ணீரின் பிஎச் எட்டை ஒட்டியிருப்பது வழக்கம். பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே புதுத் தொட்டியில் ஆறு மீனையும் ஒரே நாளில் விட்டு, வயிறாரத் தீவனம் போடாதீர்கள். ஏற்கெனவே ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் புது ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கொடுத்து மூன்று நான்கு வாரம் அவர் தொட்டியில் ஓட விட்டு எடுத்து வாருங்கள். வரும் வழியில் அந்த ஸ்பாஞ்ச் காயக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. அப்படி ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு மீனோடு தொடங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றி, ஒரு மாதம் பொறுங்கள். ஹீட்டர் டெல்டாவில் தேவையில்லை. மே மாதத்தில் 33 டிகிரி தாண்டினால் குமிழியைக் கூட்டி, தீவனத்தைப் பாதியாக்கி, இனப்பெருக்க முயற்சியை மழைக்காலத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

குஞ்சு மிஞ்சும், மிஞ்சியதை வாய்க்காலில் விடத் தோன்றும். பிடித்த வாய்க்காலே ஆனாலும் விடாதீர்கள். தொட்டியில் ஒட்டிய ஒட்டுண்ணியும் சேர்ந்து போகும். தொட்டி மீனைக் கொண்டுபோய் விட்டதன் பலனாகத்தான் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்ற தென்னமெரிக்கக் கெளுத்தி இன்று நம் ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஆர்வமுள்ளவர்களுக்குக் கொடுங்கள், அவர்களிடமிருந்து வேறு வழியில் வந்த ஆண் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கையாகவே சேர்த்துக்கொண்டு போனால் சில தலைமுறையில் முதுகு வளைந்த குஞ்சுகள் அதிகமாகும். அனுப்புவதற்கு முதல் நாள் தீவனம் நிறுத்தி, கவரில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரும் மீதி சாதாரணக் காற்றும் வைத்துக் கட்டுங்கள். கவர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கட்டினால், மேலே வந்து காற்றெடுக்கும் குபானஸ் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும்.